வீட்டு இணைய வானொலியில் தேசிய நிலையங்கள் காணாமல் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைஃபையில் இயங்கும் வானொலிப் பெட்டியோ ஸ்மார்ட் ஸ்பீக்கரோ வைத்திருப்பவர்கள் சில வருடங்களாக என்னிடம் ஒரே விஷயத்தை மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். தினமும் கேட்கும் தேசிய வானொலி நிலையம் திடீரென்று வருவதில்லை, என்ன செய்வது என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்து, இங்கே சேர்த்திருக்கிறேன். எடுத்துக்காட்டாக பிபிசி அடிக்கடி வரும். அதன் நிலையங்களை உலகெங்கும் கேட்கிறார்கள் என்பதோடு, அது எந்த மாற்றத்தை எப்போது செய்தது என்பதும் தெளிவாகத் தெரியும்.

நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாப் பாடிச்சு. காலையில பார்த்தா அந்த ஒரு ஸ்டேஷன் மட்டும் வரல. ரேடியோ கெட்டுப்போச்சா?

இல்லை. மற்ற நிலையங்கள் பாடுகின்றன என்றால் பெட்டி நன்றாகவே இருக்கிறது, வைஃபையும் சரியாக இருக்கிறது. ஒலிபெருக்கியோ உள்ளிருக்கும் மின்சுற்றோ ஒரு நிலையத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் பழுதாகாது. பழுது பார்ப்பவரிடம் எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். பெட்டியை முதலில் இருந்த நிலைக்கு மீட்டமைக்கவும் வேண்டாம். அப்படிச் செய்தால் நீங்கள் சேமித்து வைத்த மற்ற நிலையங்களும் போய்விடும். அவசரத்தில் இதைச் செய்துவிட்டு வருந்தியவர்கள் நிறையப் பேர்.

நிலையத்துக்கும் உங்கள் பெட்டிக்கும் நடுவே பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எதையோ மாற்றியிருக்கிறார். யார், எதை என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

நான்தானே ஒண்ணாம் நம்பர் பட்டன்ல சேவ் பண்ணினேன்? அப்புறம் எப்படிக் காணாமப் போகும்?

பழைய எஃப்எம் பெட்டியில் பட்டனை அமுக்கிச் சேமித்தால் அலைவரிசை எண் பெட்டிக்குள்ளேயே பதிந்துவிடும். இணைய வானொலியில் அப்படி இல்லை. பல பெட்டிகளில் அந்தப் பட்டனுக்குப் பின்னால் இருப்பது ஒரு அடையாள எண் மட்டும்தான். பட்டனை அமுக்கியதும் பெட்டி ஒரு நிலையப் பட்டியல் நிறுவனத்தின் சர்வரிடம் போய், "இந்த எண்ணுக்கு இன்றைய முகவரி என்ன?" என்று கேட்கும். அங்கிருந்து கிடைக்கும் முகவரிக்குப் போய்த்தான் ஒலியை எடுத்து வரும்.

டியூன்இன், வி-ட்யூனர், ஏரபிள் ஆகியவை இப்படிப்பட்ட பட்டியல்கள். நீங்கள் வாங்கிய பெட்டியின் மேல் அவற்றின் பெயர் பெரும்பாலும் இருக்காது. பெட்டி செய்த நிறுவனம் அவர்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கும். ஆக, வரிசையாகச் சொன்னால் ஒலிபரப்பாளர், அவருடைய ஸ்ட்ரீம் (இணையத்தில் ஓடும் நேரலை ஒலி) சர்வர், பட்டியல் நிறுவனம், பெட்டி செய்தவர், உங்கள் இணைய இணைப்பு, கடைசியில் பெட்டி. இந்தச் சங்கிலியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாமே இதில் எந்தக் கண்ணி அறுந்தது என்பதைப் பற்றியவைதான்.

எங்க அறுந்திருக்குன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனக்கு டெக்னிக்கலா ஒண்ணும் தெரியாது.

தெரிய வேண்டியதில்லை. அதே வைஃபையில் இருக்கும் செல்போனில், நிலையத்தின் சொந்த இணையதளத்தைத் திறந்து நேரலையைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் வரவில்லை என்றால் தவறு நிலையத்தின் பக்கம் இருக்கலாம். காத்திருங்கள், பெரும்பாலும் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். செல்போனில் வந்து பெட்டியில் வரவில்லை என்றால், அதே ஒலிபரப்பாளரின் இன்னொரு நிலையத்தைப் பெட்டியில் தேடுங்கள். அதுவும் இல்லை என்றால் ஒலிபரப்பாளர் தன் ஸ்ட்ரீமை மாற்றியிருக்கலாம் அல்லது அந்தப் பட்டியலிலிருந்து விலகியிருக்கலாம்.

பெட்டியில் எந்த நிலையமுமே வரவில்லை என்றால் கதை வேறு. ரவுட்டரைச் சமீபத்தில் மாற்றினீர்களா என்று முதலில் யோசியுங்கள். மாற்றவில்லை என்றால் பட்டியல் நிறுவனம் மூடப்பட்டதா என்பதையும் பாதுகாப்புச் சான்றிதழ் விஷயத்தையும் பார்க்க வேண்டும். இரண்டையும் கீழே தனித்தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

பலர் தவறவிடும் ஒரு விஷயம்: விளம்பரங்களைத் தடுக்க ரவுட்டரில் ஏதாவது வடிகட்டி போட்டிருந்தால் அதைப் பத்து நிமிடம் அணைத்துப் பாருங்கள். சில நிலையங்களின் ஸ்ட்ரீம், கேட்பவர்களை எண்ணும் ஒரு சர்வர் வழியாகத்தான் போகும். வடிகட்டி அதைத் தடுத்தால் நிலையமே ஊமையாகிவிடும்.

ஓடிக்கிட்டிருந்ததை ஏன் மாத்துறாங்க? யாருக்கு என்ன லாபம்?

இந்தக் கேள்வியில் இருக்கும் கோபம் நியாயமானது. ஆனால் மாற்றத்துக்குப் பின்னால் உண்மையான காரணமும் இருக்கிறது. பழைய முறையில், ஷவுட்காஸ்ட் போன்றவற்றில், உங்கள் பெட்டிக்கும் சர்வருக்கும் நடுவே ஒரு இணைப்பு மணிக்கணக்கில் திறந்தே இருக்கும். ஒரு குழாயைத் திறந்து வைத்தது போல ஒலி வந்துகொண்டே இருக்கும். கேட்பவர் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு குழாய் வேண்டும். லட்சக்கணக்கானவர்கள் கேட்டால் அதற்கென்றே தனி சர்வர்களைக் கட்டிக் காக்க வேண்டும்.

புதிய முறைகள் இரண்டு. ஒன்று ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த எச்எல்எஸ், இன்னொன்று டேஷ். இவற்றில் ஒலியைச் சில விநாடி நீளமுள்ள சிறு துண்டுகளாக வெட்டி, சாதாரண இணையக் கோப்புகளைப் போல வைத்துவிடுவார்கள். படங்களையும் பக்கங்களையும் உலகெங்கும் பரப்பும் அதே சர்வர்கள் இவற்றையும் சுமக்கும். இணையம் மெதுவானால் சிறிய துண்டுக்கு இறங்கி, சீரானதும் நல்ல தரத்துக்கு ஏறும். செல்போனில் நடந்துகொண்டே கேட்பவருக்கு இது பெரிய வசதி. ஒலிபரப்பாளருக்குச் செலவும் குறைவு.

பிபிசி 2015இல் இந்த வழிக்கு மாறியபோது டபிள்யூஎம்ஏ, ஏஏசி என்ற ஒலி வடிவங்களில் இருந்த பழைய ஸ்ட்ரீம்களை நிறுத்தியது. துண்டுகளைச் சேர்த்துப் பாடத் தெரியாத பெட்டிகள் அன்றே திண்டாடின. அவற்றுக்காக 128 கிலோபிட் எம்பி3 ஸ்ட்ரீம் ஒன்று தொடர்ந்தது. 2023இல் அதுவும் நிறுத்தப்பட்டது. தொழில்நுட்பக் காரணம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும், எல்லோருக்குமான நிலையம் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், நல்ல நிலையில் இருக்கும் ஒரு பெட்டியை ஊமையாக்கும்போது அதைக் கேட்பவருக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன். நிறையப் பேருக்கு அது நடந்தது தெரிந்ததே பெட்டி பாடாத அன்றுதான்.

டியூன்இன்ல இருந்து பிபிசியை எடுத்தாங்களே, அதுவும் இந்த ஸ்ட்ரீம் மாத்தின கதைதானா?

இல்லை, அது வேறு கதை. அங்கே ஸ்ட்ரீம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. 2019இல் பிரிட்டனில் பிபிசி தானாகவே டியூன்இன் பட்டியலிலிருந்து விலகியது. யார், எதை, எவ்வளவு நேரம் கேட்கிறார்கள் என்ற விவரம் தன்னிடம் வர வேண்டும் என்பது பிபிசியின் நிலைப்பாடு. டியூன்இன் வழியாகக் கேட்டால் அந்த விவரம் அதற்குக் கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் பிபிசி சவுண்ட்ஸ் என்ற சொந்தச் செயலியைக் கொண்டுவந்திருந்தது. கேட்பவர்கள் அங்கே வர வேண்டும் என்பதே விருப்பம்.

கேட்பவரின் பக்கம் நின்று பார்த்தால் இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. ஸ்பீக்கரில் நிலையத்தின் பெயரைச் சொன்னவருக்கு நடுவே டியூன்இன் என்று ஒருவர் இருந்ததே தெரியாது. விவரம் யாரிடம் போக வேண்டும் என்று இரண்டு நிறுவனங்கள் பேசி முடிவுக்கு வராததால் அவருடைய காலைச் செய்தி நின்றுபோனது. சோனாஸ் ஸ்பீக்கர்களில் பிபிசி சவுண்ட்ஸ் நேரடியாக வந்தது 2020இல்தான்.

உள்நாட்டு ஸ்டேஷன் எல்லாம் வருது. வெளிநாட்டு நிலையங்கள் மட்டும் லிஸ்ட்லயே இல்ல. எங்க போச்சு?

அநேகமாக உரிமைப் பிரச்சினை. ஒரு நிலையம் பாட்டு போடுவதற்கான உரிமத்தைத் தன் நாட்டுக்காகத்தான் வாங்கியிருக்கும். சோனி, வார்னர் இசை நிறுவனங்கள் டியூன்இன் மீது தொடுத்த வழக்கில், லண்டன் உயர் நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. பிரிட்டனில் உரிமம் பெறாத நிலையங்களை அங்குள்ளவர்களுக்கு இணைப்புக் கொடுத்துக் காட்டுவது பதிப்புரிமையை மீறுவதாகும் என்றது. மேல்முறையீட்டிலும் அதன் பெரும்பகுதி நின்றது. 2020இல் பிரிட்டனில் டியூன்இன் பயன்படுத்துபவர்களுக்கு வெளிநாட்டு நிலையங்கள் பட்டியலிலிருந்து மறைந்தன. நிலையங்கள் எங்கும் போகவில்லை. அவற்றைக் காட்டியவர் காட்டுவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். நிலையத்தின் சொந்த இணையதளத்தில் அவை பாடினால் அங்கே கேட்கலாம்.

சில சமயம் ஒலிபரப்பாளரே வெளிநாட்டுக்கு வேறு கதவு வைப்பார். பிரிட்டனுக்கு வெளியே பிபிசி சவுண்ட்ஸ் 2025 ஜூலை 21 அன்று மூடப்பட்டது. அங்குள்ளவர்கள் பிபிசியின் பொது இணையதளத்துக்கும் செயலிக்கும் மாற வேண்டியிருந்தது. செல்போனில் இருப்பவருக்கு இது இன்னொரு செயலியை இறக்கும் வேலை மட்டும்தான். அலமாரியில் இருக்கும் பெட்டிக்கு அந்த வசதி இல்லை.

மேட்ச் கமென்ட்ரி வர்ற நேரத்துல மட்டும் ஸ்டேஷன் நின்னு போகுது. மத்த நேரம் சரியா இருக்கு. இது என்ன?

பந்தய வர்ணனையின் உரிமையும் நாடு வாரியாக விற்கப்படுகிறது. அந்த நேரத்தில் வெளிநாட்டு ஸ்ட்ரீமில் ஒரு அறிவிப்பையோ வேறு நிகழ்ச்சியையோ போடுவார்கள். வர்ணனை முடிந்ததும் தானாகத் திரும்பிவிடும். உங்கள் பெட்டியில் எதையும் மாற்ற வேண்டாம்.

உள்நாட்டிலேயே இருந்தும் இப்படி நடந்தால், ரவுட்டரில் விபிஎன், அதாவது உங்கள் இணைப்பை வேறு நாட்டிலிருந்து வருவதுபோலக் காட்டக்கூடிய சேவை, ஓடுகிறதா என்று பாருங்கள். இணைய நிறுவனம் கொடுத்த எண் முகவரி (ஐபி) வேறு நாட்டின் பெயரில் பதிவாகியிருந்தாலும் இப்படி ஆகும். அதைத் திருத்த வேண்டியது இணைய நிறுவனம்தான்.

ரேடியோ நல்லா இருக்கு, கம்பெனிதான் மூடிட்டாங்களாம். இனிமே இது வெறும் பெட்டிதானா?

இது எனக்கே நடந்தது. என் வீட்டு மேசையில் எட்டு வருடம் தினமும் பாடிய பெட்டி ஒரு காலையில் "சேவையை அடைய முடியவில்லை" என்று மட்டும் காட்டியது. கீறல்கூட இல்லாத பெட்டி. அன்றைய வருத்தம்தான் இந்தப் பக்கத்துக்குக் காரணம் என்று சொல்லலாம்.

ரெசிவா என்ற பட்டியல் சேவை 2021 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. பல பிராண்டுகளின் பெட்டிகள் அதையே நம்பியிருந்தன. 2019இல் ஃபிரான்டியர் சிலிக்கான், தன் சில்லு உள்ள பெட்டிகளை வி-ட்யூனரிலிருந்து ஏரபிளுக்கு மாற்றியது. பெட்டிகள் பிழைத்தன. ஆனால் சேமித்த நிலையங்களை மறுபடி தேடிப் போட வேண்டியிருந்தது. லாஜிடெக் தன் ஸ்குவீஸ்பாக்ஸ் பெட்டிகளுக்கான இணையச் சேவையை 2024இல் நிறுத்தியது.

இந்த மூன்றில் ஸ்குவீஸ்பாக்ஸ் கதை நம்பிக்கை தருவது. அதன் சர்வர் மென்பொருள் திறந்த மூலமாக, அதாவது யாரும் எடுத்து மாற்றக்கூடியதாக, இருந்ததால், ஆர்வலர்கள் அதை இன்று லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் வளர்த்து வருகிறார்கள். வீட்டிலுள்ள ஒரு சிறிய கணினியில் அதை நிறுவினால், நிறுவனம் கைவிட்ட பெட்டி மறுபடி பாடும். மற்றப் பெட்டிகளுக்கு ப்ளூடூத்தோ, வெளியிலிருந்து ஒலி வாங்கும் துளையோ இருந்தால், செல்போனிலிருந்து ஒலியை அனுப்பி ஸ்பீக்கராகவாவது பயன்படுத்தலாம். எஃப்எம் இருந்தால் அது இணையத்தையே நம்பாமல் வேலை செய்யும். தூக்கி எறிவதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

எதையுமே யாரும் மூடல. ஆனா பழைய பெட்டியில ஒரே நாள்ல பாதி ஸ்டேஷன் போயிடுச்சு. எப்படி?

நிலையங்கள் இப்போது பூட்டுப் போட்ட இணைப்புக்கு, அதாவது எச்டிடிபிஎஸ்ஸுக்கு, மாறிவருகின்றன. பெட்டி அந்தப் பூட்டை நம்ப வேண்டுமானால் அதற்குள் வேர்ச் சான்றிதழ்களின், அதாவது யாரை நம்பலாம் என்று சொல்லும் அடிப்படைச் சான்றிதழ்களின், பட்டியல் ஒன்று இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ்களுக்கும் காலாவதித் தேதி உண்டு. தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த ஒரு பழைய வேர்ச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. பல வருடங்களாகப் புதுப்பிக்கப்படாத சாதனங்கள் அன்று முதல் அந்தத் தளங்களை நம்ப மறுத்தன. பூட்டில்லாத பழைய முகவரியில் இருந்த நிலையங்கள் மட்டும் தொடர்ந்து பாடின. "பாதி" போனதற்குப் பொருள் அதுதான்.

இன்னொரு எளிய காரணமும் உண்டு. பெட்டியின் கடிகாரத்தில் தேதி தவறாக இருந்தால், சரியான சான்றிதழும் காலாவதியானதாகவே அதற்குத் தெரியும். மின்சாரம் போய் வந்தபின் பிரச்சினை தொடங்கியது என்றால் முதலில் தேதியைப் பாருங்கள்.

ஃபர்ம்வேர் அப்டேட் போட்டா சரியாயிடுமா?

ஃபர்ம்வேர் என்பது பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள். நிறுவனம் இன்னும் அந்த மாடலைக் கவனித்துக்கொண்டிருந்தால் ஆகலாம். சான்றிதழ்ப் பட்டியலும் எச்எல்எஸ் ஆதரவும் அப்படித்தான் வந்து சேரும். கடைசி அப்டேட் பல வருடங்களுக்கு முன் வந்தது என்றால் எதிர்பார்க்க வேண்டாம். பட்டியல் நிறுவனத்தின் பக்கம் பிரச்சினை என்றால் அப்டேட்டால் பயனில்லை.

ஸ்ட்ரீம் முகவரியை நானே தேடிப் போட்டுக்கலாமா?

பெட்டி இடம் கொடுத்தால் தாராளமாக. பல பெட்டிகளில், தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் கணக்கு தொடங்கிச் சொந்த முகவரியைச் சேர்க்கலாம். முகவரியைப் போடுவதற்கு முன் அது எந்த வகை என்று பாருங்கள். எம்3யூ8 (.m3u8) என்று முடிந்தால் அது மேலே சொன்ன துண்டு முறை. பழைய பெட்டிக்கு அது புரியாது. பிஎல்எஸ் (.pls), எம்3யூ (.m3u) என்று முடிபவை வெறும் சீட்டுதான். அதைத் திறந்தால் உள்ளே உண்மையான முகவரி இருக்கும். செல்போன் செயலியிலிருந்து நகலெடுத்த நீண்ட முகவரி சில மணி நேரத்தில் செத்துப்போகலாம், அதில் நேரக்கெடு வைத்த சாவி ஒன்று ஒட்டியிருக்கக்கூடும்.

ரேடியோ பிரவுசர் என்ற திறந்த பட்டியலில், கேட்பவர்களே சேர்த்த முகவரிகள் ஏராளமாக இருக்கின்றன. நான் முதலில் தேடுவது அங்கேதான். இன்னும் ஒரு படி போக விரும்பினால், வீட்டில் ராஸ்பெரி பை என்ற சிறிய கணினியை வைத்து, எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் மூலம் துண்டு ஸ்ட்ரீமை எம்பி3ஆக மாற்றி, ஐஸ்காஸ்ட் என்ற ஸ்ட்ரீம் மென்பொருள் வழியாக வீட்டு வைஃபைக்குள் மட்டும் கொடுக்கலாம். பழைய பெட்டி அதைச் சந்தோஷமாகப் பாடும். வீட்டுக்கு வெளியே திறந்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் நீங்களே மறுஒலிபரப்பு செய்பவர் ஆகிவிடுவீர்கள்.

ஸ்பீக்கர்கிட்ட ஸ்டேஷன் பேரைச் சொன்னா சம்பந்தமே இல்லாம வேற எதையோ போடுதே?

நிலையம் பட்டியலிலிருந்து விலகியபின் ஸ்பீக்கர் அதே பெயருக்கு அருகில் இருக்கும் எதையாவது எடுத்துக்கொள்கிறது. நிலையத்தின் சொந்தச் சேவையை ஸ்பீக்கரின் செயலியில் இயக்கி, கணக்கை இணைத்து, கேட்கும்போது அந்தச் சேவையின் பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். கணக்கில் நாடு சரியாக இருக்கிறதா என்பதும் முக்கியம்.

ஸ்பீக்கர் செய்பவர் நினைத்தால் ஒரு நாட்டின் வானொலியையே மறைத்துவிடலாம் என்ற கவலை அரசுகளுக்கும் வந்திருக்கிறது. பிரிட்டனில் 2024 மே மாதம் நிறைவேறிய ஊடகச் சட்டம், குரலால் இயங்கும் முக்கியச் சேவைகள் உரிமம் பெற்ற நிலையங்களைக் கேட்டவுடன் தர வேண்டும், அதற்கு நிலையங்களிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று ஏற்பாடு செய்கிறது. மற்ற நாடுகளும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

அம்மாவுக்கு வயசாயிடுச்சு. செல்போன், ஆப் எல்லாம் வேண்டாங்கிறாங்க. அவங்களுக்கு என்ன பண்றது?

அவர் சொல்வது சரி. ஒரு பட்டனை அமுக்கினால் குரல் வர வேண்டும். வானொலி என்பதே அதுதான். கண் மங்கியவருக்கும் தனியாக இருப்பவருக்கும் அந்தக் குரல் எவ்வளவு பெரிய துணை என்பதை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

அவர் கேட்கும் நிலையம் எஃப்எம்மிலோ டிஏபி என்ற டிஜிட்டல் வானொலியிலோ வருகிறது என்றால் அதையே வாங்கிக் கொடுங்கள். இணையத்தில் மட்டும்தான் வருகிறது என்றால், பழைய பட்டனிலேயே புதிய முகவரியைப் போட்டுக் கொடுங்கள். எண்ணை மாற்றாதீர்கள், கை பழகியிருக்கும். உங்கள் செல்போனில் மாதம் ஒருமுறை அதே முகவரி பாடுகிறதா என்று சோதியுங்கள். அவர் சொல்லாமலே விட்டுவிடக்கூடும்.

புதுசு வாங்கினா எதைப் பார்த்து வாங்கணும்?

எச்எல்எஸ், ஏஏசி இரண்டையும் பாடுமா, சொந்த முகவரி போட முடியுமா, எஃப்எம் அல்லது டிஏபி+ இருக்கிறதா, ப்ளூடூத் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசி ஃபர்ம்வேர் எந்த வருடம் வந்தது என்று நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். தோற்றத்தையும் ஒலியையும்விட இவைதான் பெட்டியின் ஆயுளைத் தீர்மானிக்கும்.

எஃப்எம்மை நம்பி வாங்கும்போது உங்கள் நாட்டின் திட்டத்தையும் விசாரியுங்கள். நார்வே 2017இல் தேசிய நிலையங்களை எஃப்எம்மிலிருந்து எடுத்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பாளர் 2024 டிசம்பர் 31 அன்று எஃப்எம்மை அணைத்தது. இரண்டு நாடுகளிலும் டிஏபி+ இருக்கிறது.

யார்கிட்ட புகார் பண்றது? ஒருத்தர் இன்னொருத்தரைக் கையைக் காட்டுறாங்க.

மூவருக்கும் எழுதுங்கள்: ஒலிபரப்பாளர், பட்டியல் நிறுவனம், பெட்டி செய்தவர். ஒரே கடிதத்தை மூவருக்கும் அனுப்பினால் ஒருவரை ஒருவர் காட்டித் தப்பிப்பது கடினமாகும். பெட்டியின் மாடல், ஃபர்ம்வேர் எண், நிலையத்தின் பெயர், கடைசியாகப் பாடிய தேதி, செல்போனில் பாடுகிறதா என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் பெட்டியை அணைத்துப் போடுங்கள் என்றுதான் பதில் வரும். பட்டியல் நிறுவனங்கள் செத்த முகவரியைத் திருத்துவதற்குப் பல சமயம் ஒரே ஒருவருடைய கடிதம் போதும்.

ஸ்டேஷன் திரும்ப வந்துடுச்சு. ஆனா மணி அடிக்கிறது லேட்டா வருது. ஹால்ல ஒண்ணு, ரூம்ல ஒண்ணு, எதிரொலி மாதிரி கேக்குது. இதுக்கு வழி உண்டா?

துண்டு முறையின் விலை இது. பெட்டி சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பாடத் தொடங்கும். அதனால் நேரலைக்கு அரை நிமிடமோ அதற்கு மேலோ பின்னால் இருக்கும். இரண்டு வகைப் பெட்டிகள் இரண்டு அளவில் சேர்க்கும். பிபிசி 1924 முதல் ஒலிக்கவிடும் நேரக்குறி ஒலியை வைத்து இணைய வானொலியில் கடிகாரத்தைத் திருத்தினால், கடிகாரம் தவறித்தான் போகும். நேரம் பார்க்க எஃப்எம்மைப் பயன்படுத்துங்கள்.

எதிரொலிக்கு வழி உண்டு. ஒரே நிறுவனத்தின் பெட்டிகளை ஒரு குழுவாகச் சேர்த்துப் பாடவைத்தால் அவை தங்களுக்குள் நேரத்தை ஒத்துக்கொள்ளும். வெவ்வேறு நிறுவனத்தின் பெட்டிகள் என்றால், ஒன்றை நிறுத்திச் சில விநாடி கழித்து மறுபடி போட்டுப் பாருங்கள். சில சமயம் நெருங்கி வரும். வரவில்லை என்றால், ஹாலில் இருப்பதை அணைத்துவிட்டு அறையில் இருப்பதைக் கேளுங்கள்.